வலது மேல் மூலையில் ஒரு வட்டம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பெரியவள் கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள் அல்லவா? கொடுத்திருக்கக் கூடாது என்று அப்போதே இரண்டு வாசகிகள் கடிதம் எழுதிவிட்டார்கள். அவர்கள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அப்படியேதான் ஆயிற்று.

பெரியவள் மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மொத்த வியாபாரியிடம் போய்ப் புதுப் படங்கள் எடுத்து வர வேண்டும். நம்பிச் சாவி கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? சின்னவன் தங்கமான பிள்ளை. அவனிடம் உள்ள ஒரே கோளாறு, எதையும் அது இருக்கிறபடி இருக்க விடமாட்டான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிய பெரியவளின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

கடை பளபளவென்று இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு டிவிடிப் பெட்டிகளும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஓரம் பிசகாமல் நின்றன. மேல் தட்டில் இடது ஓரம் 'அ'வில் தொடங்கி, கீழ்த் தட்டில் வலது ஓரம் 'வ'வில் முடிந்தது வரிசை. ஒரு தூசி கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஒரு பெட்டிகூட அவளுக்குத் தெரிந்த இடத்தில் இல்லை.

சின்னவன் பின்னாலேயே டீயுடன் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"எப்படி இருக்கு? காலையில ஆரம்பிச்சேன், முடிக்க அஞ்சு மணி ஆச்சு. சாப்பிடக்கூட போகலை."

அவன் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். அங்கே எல்லாம் அகரவரிசை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை நீட்டி வேண்டிய மருந்தை எடுக்க வேண்டும், அதுதான் அங்கே திறமை. இன்று நாலு மணிக்கு அக்காவுக்குப் பரீட்சை என்றால், கடையைத் தன் கிடங்கு மாதிரி ஆக்கித் தருவதைவிட வேறென்ன உதவி செய்துவிட முடியும் என்று அவன் நினைத்திருக்கிறான். பாவம், பாசத்தில் செய்ததுதான்.

பரீட்சை என்ன என்பதை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். கடை இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். எதிரே புதிதாக எழும்பியிருக்கும் குடியிருப்பில் தரைத்தளத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. அதைப் படக்கடைக்குக் கொடுப்பதா, உடற்பயிற்சி மெஷின்கள் போட்டுக்கொள்வதா என்று முடிவு செய்ய, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இன்று நாலு மணிக்கு நேரில் வருகிறார். அறை கிடைக்கவில்லை என்றால் ஒன்றாம் தேதியே பெட்டிகள் எல்லாம் பழைய சாமான் கடைக்கு. இது அம்மாவின் உத்தரவு. அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவள் வாயால் ஒன்று சொல்லிவிட்டால் அது முத்திரை குத்தியதற்குச் சமம்.

கடையை ஆரம்பித்தவர் அப்பா. சினிமாத் தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டராக இருந்தவர். தியேட்டரை மூடியதும் இந்தக் கடையைப் போட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, அம்மாவோடு பெரிய சண்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனவர், போனவர்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்வது பெரியவள். பிழைப்புக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். அப்பா என்றைக்காவது திரும்பி வந்தால் அவருக்கு அடையாளம் தெரிந்த இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்பதுதான் உண்மை. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"அட்டையெல்லாம் எங்கேடா?" என்று கேட்டாள்.

தட்டுக்குத் தட்டு தொங்கிக்கொண்டிருந்த அட்டைகளைத்தான் கேட்டாள். அவள் கடையில் படங்கள் அகரவரிசையிலும் இல்லை, சண்டைப் படம் காதல் படம் என்கிற வரிசையிலும் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பதுதான் வரிசை. 'மாமியாரும் மருமகளும்' ஒரு தட்டு. 'அப்பா வீட்டில் இருக்கும்போது' ஒரு தட்டு. 'தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு' ஒன்று. 'பரீட்சை முடிந்த அன்று', 'சண்டைக்குப் பிறகு', 'பார்த்ததையே திரும்பப் பார்ப்பவர்களுக்கு'. காய்ச்சல்காரர்களுக்கு என்று ஒரு தனித் தட்டு உண்டு. நடுவில் அரை மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கதை விட்ட இடத்திலேயே நிற்கும் படங்களாகப் பார்த்து அதில் வைத்திருந்தாள்.

இப்போது பேய்ப் படத்தின் தோளில் சாய்ந்துகொண்டு பேசும் முயல் படம் நின்றது. மூன்று வயதுக் குழந்தைக்குப் படம் எடுக்க அவசரமாக வருகிற அம்மா கையை நீட்டினால் எது வருமோ, யார் கண்டார்கள்.

அட்டைகள் பத்திரமாகத்தான் இருந்தன. பெரியவள் பெருமூச்சு விட்டு, கைக்குக் கிடைத்த ஒரு பெட்டியைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். மூன்றாவதையும் திறந்து தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள்.

"உள்ளே சீட்டு இருக்குமே?"

"அந்தக் கசங்கின பேப்பரா? எல்லாத்தையும் எடுத்துட்டேன். மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்களே, அதையெல்லாம் யாருக்கா படிக்கறாங்க?" என்றவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்துக்கொண்டான். "பின்னாடி வாசல்ல பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். பழைய பேப்பர்க்காரர் இன்னைக்குப் பத்து மணிக்கு வருவாராம்."

மணி ஒன்பது பதினைந்து. பெரியவள் ஓடிய ஓட்டத்தில் டீ தம்ளர் உருண்டது.

பெட்டி இருந்தது. இருமல் மருந்து அட்டைப்பெட்டி, வாய் வரைக்கும் சீட்டு. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஒன்பது வருஷமும் அதற்கு முந்தைய ஆறு வருஷமும் மேஜைமேல் குவியலாக விழுந்தன.

இந்தச் சீட்டு வழக்கம் அப்பா ஏற்படுத்தியது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்த சீட்டு ஒன்று இருக்கும். படத்தை எடுத்துப் போகிறவர் திருப்பித் தரும்போது அதில் ஒரு வரி எழுத வேண்டும். படம் எப்படி என்று எழுதக் கூடாது. யாரோடு பார்த்தீர்கள், என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். பெயர் வேண்டாம், உறுப்பினர் எண் போதும். சீட்டு நிறைந்துவிட்டால் புதுச் சீட்டு. படத்தின் தலைப்பு சீட்டில் இருக்காது. பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும் சீட்டுக்குத் தலைப்பு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எந்தப் படம் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சீட்டுகள்தான்.

பெரியவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சின்னவனுக்கு அது தெரியும். அதனால் அவள் மெல்லிய குரலில் இன்றைக்கு லீவு சொல்லச் சொன்னதும், உடனே கிடங்குக்குப் போன் போட்டான்.

"நாலு மணிக்குள்ள முடியுமாக்கா?"

"நீ படி. நான் சொல்றேன். பெட்டியைத் தேடி எடுக்கறது உன் வேலை. அகரவரிசையிலதானே அடுக்கி வெச்சிருக்கே, டக்டக்குனு எடு."

அடுக்கி வைத்ததற்கு அப்படியாவது ஒரு பிரயோஜனம் கிடைத்ததே என்று அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முதல் சீட்டைப் பிரித்துப் படித்தான்.

"'மாமியாரோடு. பத்தாவது நிமிடத்தில் இரண்டு பேரும் ஒரே ஆளைத் திட்ட ஆரம்பித்தோம். நிம்மதி.'"

"மூணு கல்யாணம் பண்ணிக்கிட்ட வக்கீல் படம். அடுத்தது."

"'கணவரோடு. அவர் தூங்கிவிட்டார். மறுநாள் நான் மட்டும் இன்னொரு தடவை.'"

"கலங்கரை விளக்கத்துல தனியா இருக்கற பொம்பளை. வெளிநாட்டுப் படம், நீலப் பெட்டி."

"'பேரனோடு. திமிங்கிலம் மூச்சு விட்டபோது அவனும் விட்டான்.'" சின்னவன் நிமிர்ந்தான். "இது எனக்கே தெரியும்."

"அதுக்கும் சம்பளம் தரட்டுமா? எடு சீக்கிரம்."

பன்னிரண்டு மணிக்குள் இருநூறு சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. ஊமைப் படம், குத்துச்சண்டைப் படம், இரண்டு பாகமாக வந்த போர்ப் படம், நாய் ஒன்று வீடு தேடிப் போகும் படம், பாதிக்கு மேல் பாட்டாகவே ஓடும் படம், யாரும் இரண்டு தடவை எடுக்காத எறும்புப் படம். பாதி வரி படிப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். அறுநூறு படத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. அவற்றைப் பார்த்தவர்களை அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு பேச்சில்லை, எந்தக் குழந்தைக்கு ரத்தத்தைக் கண்டால் பயம் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சின்னவன் இதுவரை அக்கா டப்பா வாடகைக்கு விடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். இப்போது அவன் படிக்கும் குரலிலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஒரு மணிக்குச் சாப்பாடு வாங்கி வரக் கிளம்பினான். வழியில் அம்மாவின் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்றான். முதுகுவலிக் களிம்பு இரண்டு டியூப் கேட்டிருக்கிறாளாம். மாதாமாதம் கேட்கிறாள்.

"யாருக்கு முதுகுவலி? அம்மாவுக்கா? ரெண்டு மாடியையும் ஒரே மூச்சில ஏறறாங்க" என்று சிரித்தாள் பெரியவள்.

"அதான் களிம்போட மகிமை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு தானே எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். பத்துப் பன்னிரண்டு சீட்டு போயிருக்கும். புதிதாக இருந்த ஒரு சீட்டு கையில் வந்தது. மொத்தம் ஒரே ஒரு பதிவுதான். கீழே உறுப்பினர் எண் எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு என்பது ஆளில்லை, இடம். ஆறு நிறுத்தம் தள்ளி இருக்கும் பஸ் பணிமனையின் ஓய்வறை. தூரத்துப் பஸ் ஓட்டிக்கொண்டு வரும் டிரைவர்களும் கண்டக்டர்களும் இளைப்பாறும் இடம். பணிமனையின் ஸ்டோர்க்காரர் திங்கள்தோறும் ஐந்தரைக்கு வந்து பழைய ஆறு படத்தைக் கொடுத்துவிட்டுப் புது ஆறு படம் எடுத்துப் போவார். போன திங்கள் வந்த சீட்டுகளைப் பெரியவள் படிக்கவேயில்லை. புது அறைக்காக அலைந்த அலைச்சலில் பெட்டியைத் திறந்து பார்க்க நேரமில்லை.

சீட்டில் இப்படி இருந்தது.

'ஒன்பது பேரோடு. எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். கடையை மூடிவிடாதே.'

வலது மேல் மூலையில் பேனாவால் போட்ட சின்ன வட்டம்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் ஒரு படம் என்பது பல ரீல். தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் மின்னி மறையும். அதைப் பார்த்ததும் ஆப்பரேட்டர் அடுத்த மெஷினை ஓடவிட்டுத் தயாராக நிற்பார். சில நொடிகளில் இரண்டாவது வட்டம் வரும். அப்போது மாற்ற வேண்டும். படம் பார்க்க வந்தவர்கள் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். மெஷின் அறையில் மடியில் உட்கார வைத்து, அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் இதைக் காட்டியிருக்கிறார். "முதல் வட்டம், தயாரா இரு. ரெண்டாவது வட்டம், மாத்து."

அந்தப் பழக்கம் அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. மளிகைச் சீட்டானாலும் சரி, மதிப்பெண் அட்டையில் போடும் கையெழுத்தானாலும் சரி, வலது மேல் மூலையில் ஒரு வட்டம் போடாமல் காகிதத்தைக் கீழே வைக்க மாட்டார். இன்னும் இருக்கிறது, முடியவில்லை என்பார். வீட்டை விட்டுப் போன பிறகு அனுப்பிய அந்த ஒரே கடிதத்தில் மட்டும் வட்டம் இல்லை. பெரியவள் அதைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தாள். இல்லை. படம் முடிந்துவிட்டது என்று அன்றைக்கு அவள் புரிந்துகொண்டாள். அழுதுவிட்டு, மறுநாள் வந்து கடையைத் திறந்தாள்.

இப்போது வட்டம் இருந்தது. ஆறே நிறுத்தம் தள்ளி இருந்து வந்திருந்தது.

ஓடிப் போய்ப் பஸ் ஏற வேண்டும் போல இருந்தது. சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். ஒன்பது வருஷம் காக்க வைத்துவிட்டு, இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரே என்கிற ஆத்திரம். உயிரோடு இருக்கிறார், நம் கடைப் படத்தைப் பார்க்கிறார் என்கிற சந்தோஷம். கடையை மூடப் போகிறார்கள் என்று ஸ்டோர்க்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அது தாங்காமல்தான், வழக்கமாக ஸ்டோர்க்காரர் எழுதும் சீட்டில் இந்தத் தடவை தானே எழுதியிருக்கிறார்.

மூடிவிடாதே என்கிறார். அதற்கு நாலு மணிக்கு ஒருவரை ஜெயிக்க வேண்டும். முதலில் அது. பெரியவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சீட்டைக் கைப்பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். சின்னவன் திரும்பியபோது அவள் அடுத்த சீட்டில் இருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போகிறவன் அவன்.

நாலு மணிக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் சீட்டு மேஜைமேல் மிச்சம் இருந்தது. அட்டைகள் தொங்கின. பாதித் தட்டுகள் அக்கா வரிசை, மீதி தம்பி வரிசை. சின்னவன் குவியலை மேஜைக்கடியில் தள்ளப் போனான். எதையும் மறைக்க வேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள். கடை இப்படித்தான் நடக்கிறது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது. அது கைப்பைக்குள் இருந்து வந்ததோ என்னவோ.

செயலாளர் அம்மாள் ஓய்வு பெற்ற கண் டாக்டர். கடிகாரம் பார்த்து வருகிறவர். உள்ளே வந்ததும் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அட்டைகளைப் படித்தார். சிரிக்கவில்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, தட்டினால் ஆயிரம் படம் வருகிறது, இங்கே எதற்கு வர வேண்டும் என்று நேராகவே கேட்டார்.

"ஆயிரம் வருது டாக்டர். அதுல எதைப் பாக்கறதுன்னு தேடியே ஒரு மணி நேரம் போகுது. அப்புறம் ஆளுக்கு ஒரு மூலையில ஆளுக்கு ஒண்ணு பாக்கறாங்க. நான் வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு தருவேன்" என்றாள் பெரியவள்.

டாக்டர் மேஜைக் குவியலில் இருந்து ஒரு சீட்டை எடுத்தார். இது என்ன என்று கேட்டார். பெரியவள் வழக்கத்தைச் சொன்னாள். தம்பி செய்த காரியத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். சின்னவன் தரையில் ஏதோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'தங்கையோடு. ஏணி விழுந்த இடத்தில் சிரித்து, பழைய சண்டை மறந்துபோச்சு.'"

"பெயின்ட் அடிக்கற ரெண்டு பேர். கறுப்பு வெள்ளை."

இன்னொன்றை எடுத்தார். இன்னொன்றை. ஐந்து சீட்டுக்கு ஐந்து படம். சின்னவன் ஓடி ஓடிப் பெட்டியை எடுத்துக் காட்டினான். ஆறாவது சீட்டை டாக்டர் எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு குடும்மா" என்றார்.

"யாரோட பாக்கப் போறீங்க?"

"என் வீட்டுக்காரரோட. அவருக்கு ஒரு வருஷமா பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு. நான் எத்தனையோ பேருக்குக் கண் பார்த்தவ. அவருக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலை. டிவி இருக்கற ரூம் பக்கமே நாங்க ரெண்டு பேரும் போறதில்லை."

பெரியவள் 'ஐயோ' என்று சொல்லவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்து போய், நடுத் தட்டில் இருந்து மெலிந்த ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"மழையில நடுவழியில நின்னு போன ரயில். ஒரே பெட்டிக்குள்ள ஆறு பேர். ரயில் கடைசிவரை நகராது. பாக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது டாக்டர், கேக்கறதுக்குத்தான் எல்லாம். ஆறு குரலும் ஆறு விதம். யாரு பேசறாங்கன்னு நீங்க சொல்ல வேண்டியதே இல்லை. அவரு உங்களுக்குச் சொல்லுவாரு."

டாக்டர் பெட்டியைத் திறந்தார். அதன் சீட்டு காலையிலேயே உள்ளே போயிருந்தது. முதல் வரியைப் படித்தார். 'அம்மாவோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டே பார்த்தாள். என்னைவிட நன்றாகப் பார்த்தாள்.' பெட்டியை மூடினார். ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். திரும்பியபோது குரல் பழையபடி கறாராக இருந்தது.

"இருபத்தெட்டாம் தேதி அறைச் சாவி தர்றேன். அன்னைக்கே பெட்டியெல்லாம் கொண்டு வந்துடுங்க. அப்புறம் தம்பி..."

சின்னவன் நிமிர்ந்தான்.

"இந்த அட்டையில எழுத்து ரொம்பச் சின்னது. பெரிசா எழுதிப் போடு."

அவர் படி இறங்கியதும் சின்னவன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. மிச்சச் சீட்டுகளையும் சேர்த்து முடித்தார்கள். கிடங்குக்காரன் அல்லவா, கடைசியில் எண்ணிப் பார்த்தான்.

"ஒரு பெட்டியில மட்டும் சீட்டு இல்லைக்கா. நோட்டுல பாத்தா, எண்பத்தெட்டு கொண்டு வந்தது. பனிமலைப் படம்."

"என்கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள். அவன் அட்டை எழுத உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு அம்மா வந்தாள். வழக்கமாக வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறவள். அப்பா போன பிறகு இந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததில்லை. அறை கிடைத்த விஷயத்தைச் சின்னவன் வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னான். அம்மா சரி என்றாள். ஒன்றாம் தேதி, பழைய சாமான் கடை என்ற பேச்சை எடுக்கவில்லை. பிறகு, யாரும் கூப்பிடாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அலுவலகப் பை. பைக்குள் இருந்து களிம்பு டியூபின் முனை எட்டிப் பார்த்தது.

பெரியவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா, அப்பா எங்கே இருக்கிறார் தெரியுமா? ஆனால் கடைக்குள் வராத அம்மா இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கெடுப்பானேன் என்று விழுங்கிக்கொண்டாள்.

சரியாக ஐந்தரைக்கு ஸ்டோர்க்காரர் ரெக்ஸின் பையோடு வந்தார். பையில் இருந்து பழைய ஆறு படத்தை எடுத்து வைத்தார். கடை எதிரேதான் போகிறது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். பெரியவள் புதுப் படங்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, ஓய்வறையில படம் போட்டு விடறது யாரு?"

"கேன்டீனைப் பாத்துக்கறாரே, அவருதான். வந்து ரெண்டு வருஷம் ஆகுது. வேற யாரையும் மெஷின் பக்கம் விடமாட்டாரு. பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதில்லை. ஆப்பரேட்டர்னாதான் திரும்பிப் பாப்பாரு."

பெரியவள் தலையை நிமிர்த்தவில்லை. அம்மா பக்கம் பார்க்கவும் இல்லை. ஐந்து பெட்டியைப் பைக்குள் வைத்தாள். ஆறாவதாக, மூன்று மணி நேரம் ஓடும் குடும்பப் படம் ஒன்றை எடுத்தாள். அதன் பழைய சீட்டு நிறைந்து போயிருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தாள். புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். ஒரு வரியும் எழுதவில்லை. வலது மேல் மூலையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். முதல் வட்டம் அவர் போட்டுவிட்டார். இது இரண்டாவது.

சீட்டை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். பைக்குள் வைக்கக் கையை நீட்டியபோது, ஸ்டூலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பத்தைத் திருத்தச் சொல்வது போன்ற அதே சாதாரணக் குரல்.

"அது வேண்டாம். இதைவிடச் சின்னப் படமா எடுத்து, அந்தச் சீட்டை அதுல வை. ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்தா இப்பல்லாம் அவருக்கு முதுகு வலிக்குது."

சின்னவன் எழுதிக்கொண்டிருந்த அட்டையில் மை பரவியது. அம்மா அலுவலகப் பையில் இருந்து களிம்பு டியூப் இரண்டையும் எடுத்து, ஸ்டோர்க்காரர் பையின் ஓரத்தில் செருகினாள். அவரும் அதைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி இல்லை.